அத்தியாயம் 6: சிறிய பட்டறைக்கு ஐஎஸ்ஓ 9001

ஐஎஸ்ஓ 9001 வாங்குவது என்று முடிவானதும் பட்டறை முதலாளி பெரும்பாலும் முதலில் தேடுவது ஒரு கன்சல்டன்டை. அவரும் வேறொரு கம்பெனிக்குப் போட்ட கோப்பில் பெயரை மாற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். தரக் கொள்கை, நடைமுறைகள், எண் போட்ட படிவங்கள் எல்லாம் அதில் இருக்கும். பட்டறை மட்டும் இருக்காது. ஆடிட்டுக்கு முந்தின வாரம் இரண்டு பேர் ராத்திரி உட்கார்ந்து, நான்கு மாதப் படிவங்களை ஒரே பேனாவில் நிரப்புவார்கள். சான்றிதழ் சுவருக்கும் கோப்பு பீரோவுக்கும் போய்ச் சேரும். அடுத்த ஆண்டு மறுபடியும் அதே கூத்து. இந்த அலுப்புக்கெல்லாம் தரநிலையின் கெடுபிடிதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கோளாறு வேலை வரிசையில் இருக்கிறது. இப்போது நடக்கும் வேலையை முதலில் எழுதி, அதில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து, அடைத்து, சில மாதம் ஓட்டிப் பார்த்து, கடைசியில்தான் சான்றளிக்கும் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். இந்த வரிசையில் போனால் எழுத வேண்டிய பேப்பர் குறைகிறது, ஆடிட்டில் பொய் சொல்ல வேண்டிய அவசியம் வருவதில்லை.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஒரு கற்பனைப் பட்டறையை வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் ஸ்லீவும் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறை. 22 பேர். இரண்டு சிஎன்சி, மூன்று சாதா லேத், கீவே வெட்ட ஒரு மில்லிங், ஒரு கிரைண்டிங் மெஷின். உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் வரிசை இதுவேதான்.

தொடங்குமுன் தெரிந்தால் போதுமானது

ஐஎஸ்ஓ என்பது 1947 முதல் ஜெனிவாவில் இயங்கும் தரநிலை அமைப்பு. 9001 தரநிலையை அது 1987இல் முதலில் வெளியிட்டது. 1994, 2000, 2008, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தியது. இந்த அத்தியாயம் 2015 பதிப்பை வைத்தே எழுதப்பட்டது. அதையே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 9001:2015 என்ற பெயரில் வெளியிட்டிருக்கிறது. பத்துப் பிரிவுகளில் 4 முதல் 10 வரைதான் ஆடிட்டுக்கு உரியவை. ஐஎஸ்ஓ அமைப்பு யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. தனித்தனிச் சான்றளிக்கும் நிறுவனங்கள்தான் கொடுக்கின்றன. ஐஎஸ்ஐ முத்திரை பொருளுக்கு உரியது. 9001 பொருளைச் செய்யும் முறைக்கு உரியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு விளம்பரம் செய்தால் வம்பு வரும்.

இதில் நம் வாதத்துக்கு முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. 2008 பதிப்பு ஒரு தரக் கையேட்டையும், ஆவணக் கட்டுப்பாடு, உள் ஆடிட் முதலான ஆறு எழுத்துபூர்வ நடைமுறைகளையும், நிர்வாகப் பிரதிநிதி என்று ஒருவரையும் கட்டாயமாகக் கேட்டது. 2015 பதிப்பு இந்த மூன்றையும் கைவிட்டது. எதை எழுதி வைத்தால் வேலை ஒழுங்காக நடக்குமோ அதை எழுதி வையுங்கள், எது நடந்தது என்பதற்குச் சான்று வைத்திருங்கள் என்கிற இடத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் இன்றும் கன்சல்டன்டுகள் விற்கும் கோப்புகளில் பலவும் அந்தப் பழைய சரக்கின் வாரிசுகள்தான். "கையேடு இல்லாவிட்டால் ஆடிட்டர் விடமாட்டாரே" என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவு அதைக் கேட்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். பிரிவு எண் சொல்ல முடியாத தேவை, தேவையே இல்லை. வசதிக்காகக் கையேடு வைத்துக்கொள்வதில் தவறில்லை. கட்டாயம் என்று சொல்லி உங்கள் தலையில் கட்டுவதுதான் தவறு.

படி 1: எல்லையை வரையுங்கள்

சான்றிதழில் அச்சாகப்போகும் வாக்கியம் இதுதான் என்பதால் முதலில் இதை முடியுங்கள். எந்த இடம், என்ன வேலை, யாருக்காக: "வாடிக்கையாளர் வரைபடப்படி பம்ப் ஷாஃப்ட், ஸ்லீவ் எந்திரவேலை செய்து வழங்குதல்" என்பது போல ஒரே வரி போதும். வரைபடம் வாடிக்கையாளருடையது, நீங்கள் வடிவமைப்பே செய்வதில்லை என்றால் பிரிவு 8.3, அதாவது வடிவமைப்பும் மேம்பாடும், உங்களுக்குப் பொருந்தாது என்று காரணத்தோடு எழுதி ஒதுக்கலாம். வெளியே கொடுத்து வாங்கும் வேலையை அப்படி ஒதுக்க முடியாது. ஷாஃப்டை இண்டக்‌ஷன் ஹார்டனிங்குக்கும் குரோம் பிளேட்டிங்குக்கும் அனுப்புகிறீர்கள் என்றால், அந்த வேலையின் பொறுப்பு வாடிக்கையாளரிடம் உங்களுடையதுதான், பிரிவு 8.4இல் அது வந்து சேரும்.

பொதுவான தவறு: எதிர்காலத்தில் செய்ய நினைக்கும் வேலையையும் எல்லையில் சேர்ப்பது. ஆடிட் நாளில் அந்த வேலை ஓடிக் காட்டப்படாவிட்டால் அந்த வரி வெட்டுப்படும்.

படி 2: நடக்கிற வேலையை நடக்கிறபடி எழுதுங்கள்

ஆர்டர் வருவதிலிருந்து சரக்கு போவது வரை ஒரு ஜாபைப் பின்தொடருங்கள். விசாரணை யாருக்கு வருகிறது, விலை யார் சொல்கிறார், வரைபடம் எப்படி ஷாப் ஃப்ளோருக்குப் போகிறது, கம்பி யார் வாங்குகிறார், முதல் பீஸை யார் சரிபார்க்கிறார், சலான் யார் போடுகிறார்? இதை ஆபீஸில் உட்கார்ந்து எழுதாதீர்கள். அந்தந்த இடத்தில் நின்று, வேலை செய்பவரிடம் கேட்டு எழுதுங்கள். முதலாளி நினைக்கும் நடைமுறைக்கும் ஆபரேட்டர் செய்யும் நடைமுறைக்கும் எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். ஆடிட்டர் கேள்வி கேட்கப்போவது ஆபரேட்டரிடம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரே, இப்போது என்ன பேப்பர் உருவாகிறது என்றும் குறியுங்கள். ஆர்டர் நோட்டு, வாட்ஸ்அப் செய்தி, சலான், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், டாலி கணக்கு, எதையும் விடாதீர்கள்.

இப்படிப் பட்டியல் போட்டால், தரநிலை கேட்கும் பதிவுகளில் கணிசமான பகுதி ஏற்கெனவே உங்களிடம் இருப்பது தெரியவரும். வாடிக்கையாளர் அனுப்பும் மூலப்பொருளைக் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்கிறது பிரிவு 8.5.3. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருள் 1 ஆண்டுக்குள் திரும்பியாக வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டம் சொல்வதால், உள்ளே வந்த சலானும் வெளியே போன சலானும் உங்கள் கணக்கரிடம் பத்திரமாக இருக்கும். அதே சலான்தான் 8.5.3க்கும் சான்று. இதற்கென்று "வாடிக்கையாளர் சொத்துப் பதிவேடு" என்று தனியாக ஒரு படிவம் அடித்தால், ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுத வேண்டிவரும். மூன்றாம் மாதத்தில் இரண்டும் ஒத்துப்போகாது. ஆடிட்டர் அந்த முரண்பாட்டைத்தான் பிடிப்பார்.

எச்சரிக்கை: நடக்கிறபடி எழுதுவதற்கு ஒரு விலக்கு உண்டு. சக் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மைக்ரோமீட்டர் வைத்து அளப்பது, கையுறை போட்ட கையால் சுருளை இழுப்பது, கிரைண்டிங் வீல் மூடியைக் கழற்றி வைப்பது போன்ற பழக்கங்கள் கண்ணில் பட்டால் அவற்றை நடைமுறையாக எழுதாதீர்கள், அன்றே நிறுத்துங்கள். ஐஎஸ்ஓ 9001 தொழிலாளர் பாதுகாப்புக்கான தரநிலை அல்ல, அதற்கு 2018இல் வந்த ஐஎஸ்ஓ 45001 தனியாக இருக்கிறது. ஆனால் அளவு பார்க்கும் முறையை எழுதும்போது "ஸ்பிண்டில் முழுதாக நின்ற பிறகு" என்ற சொற்களைச் சேர்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

படி 3: ஓட்டைகளைக் கண்டுபிடியுங்கள்

இப்போது தரநிலையைக் கையில் எடுங்கள். 4 முதல் 10 வரை ஒவ்வொரு உட்பிரிவையும் படித்து, உங்கள் பட்டியலில் அதற்கு நேரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். காலியாக இருக்கும் இடங்கள்தான் உங்கள் வேலை. ஜாப் ஒர்க் பட்டறைகளில் இந்த ஓட்டைகள் பெரும்பாலும் மூன்று இடத்தில் குவிகின்றன. மற்ற எல்லாவற்றையும்விட இவற்றுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

முதலாவது வரைபடம். வாடிக்கையாளர் திருத்திய வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். சூப்பர்வைசர் போனில் அது இருக்கிறது. மெஷினில் ஒட்டியிருப்பது பழைய பிரிண்ட். இரண்டு வாரம் கழித்து மொத்த லாட்டும் திரும்பி வருகிறது. இதற்குத் தீர்வு "ஆவணக் கட்டுப்பாட்டு நடைமுறை" என்ற பத்துப் பக்கம் அல்ல. நடப்பு வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் பாகத்தின் எண், திருத்த எண், பெற்ற தேதி என்று ஒரே ஒரு பட்டியல். ஷாப் ஃப்ளோருக்குப் போகும் ஒவ்வொரு பிரிண்டிலும் தேதியோடு ஒரு கையெழுத்து. புதியது போகும்போது பழையதைத் திரும்ப வாங்கிக் கிழிப்பது. இவ்வளவுதான். போனில் வந்த வரைபடத்தை அன்றே கம்ப்யூட்டரில் ஏற்றி, வாரம் ஒருமுறை வேறொரு டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போகும்போது உங்கள் வரைபடங்களும் அவர் போனோடு போய்விடக் கூடாது.

இரண்டாவது அளவுக் கருவி. பட்டறைகளில் காலிபரேஷன் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை கருவிகளை லேபுக்கு அனுப்பி, ஸ்டிக்கர் ஒட்டி, சான்றிதழைக் கோப்பில் வைப்பது என்று ஆகிவிட்டது. அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கருவி இந்த அளவுக்குத் தகுதியானதா என்பது. பேரிங் உட்காரும் இடம் 25 மி.மீ. விட்டம், எச்6 என்று வரைபடத்தில் இருந்தால், அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் மொத்தமே 0.013 மி.மீ. இதை 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியரில் அளந்து ரிப்போர்ட் எழுதுவது வேடிக்கை. 0.01 மி.மீ. மைக்ரோமீட்டரும் போதாது, 0.001 மி.மீ. காட்டும் கருவி வேண்டும். லேப் கொடுத்த சான்றிதழையும் படியுங்கள். அதில் கருவியின் பிழை 0.004 மி.மீ. என்று இருந்தால், உங்களுக்குக் கிடைத்த இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கருவியே தின்றுவிடுகிறது என்று அர்த்தம். என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்புவது நல்லது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதைத் தரநிலை நிர்ணயிக்கவில்லை, பயன்பாட்டைப் பொறுத்து நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். கருவி தவறாகக் காட்டியது என்று தெரியவந்தால், அதை வைத்து ஏற்கெனவே அளந்து அனுப்பிய சரக்கின் கதி என்ன என்று பார்ப்பதும் உங்கள் கடமை. இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

குறிப்பு: ஆபரேட்டர்கள் சொந்தமாகக் கொண்டுவரும் மைக்ரோமீட்டரும் ஆடிட்டர் கண்ணில் பட்டறைக் கருவிதான். ஒன்று பட்டியலில் சேர்த்துக் காலிபரேட் செய்யுங்கள், அல்லது பட்டறைக் கருவி கொடுத்து அதை வீட்டுக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது ரிஜெக்‌ஷன். விட்டம் கூடுதலாக இருக்கும் ஷாஃப்டைக் கிரைண்டிங்கில் சரிசெய்யலாம், குறைந்துவிட்டால் ஸ்கிராப்தான். இரண்டும் நல்ல சரக்கும் ஒரே டிரேயில் கிடந்தால் கெட்டது எப்படியும் ஒருநாள் வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும். ரீஒர்க்குக்கு ஒரு நிறம், ஸ்கிராப்புக்குச் சிவப்பு டிரே, சிவப்பு டிரேக்குப் பூட்டு, என்ன முடிவு யார் எடுத்தார் என்று ஒரு நோட்டு. ரீஒர்க் ஆனதை மறுபடி அளக்காமல் நல்ல சரக்கோடு சேர்க்காதீர்கள்.

படி 4: இரண்டு மூன்று இலக்குகள் மட்டும்

தர இலக்கு என்றால் அளக்க முடிவதாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சதவீதம், சொன்ன தேதியில் போன டெலிவரி சதவீதம், உள்ளேயே கழிந்த ஸ்கிராப். இந்த மூன்றுக்கும் தகவல் ஏற்கெனவே சலானிலும் நோட்டிலும் இருக்கிறது. "உலகத் தரத்தை எட்டுவோம்" என்பது போன்ற வாசகங்களைத் தரக் கொள்கையிலும் எழுதாதீர்கள். ஆடிட்டர் உங்கள் ஹெல்பரிடம் அதற்கு அர்த்தம் கேட்பார். இதே சமயத்தில் தொழிலுக்கு வரக்கூடிய இடர்களையும் ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள்: ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பது, கிரைண்டிங் தெரிந்தவர் ஒரே ஒருவர் என்பது, கரண்ட். 2024இல் சேர்த்த திருத்தத்தின்படி, காலநிலை மாற்றம் உங்கள் தொழிலுக்குப் பொருட்படுத்த வேண்டிய விஷயமா என்றும் யோசித்திருக்க வேண்டும். இரண்டு வரி போதும்.

படி 5: மூன்று மாதம் ஓட்டுங்கள்

எத்தனை மாதப் பதிவு வேண்டும் என்று தரநிலை சொல்லவில்லை. மூன்று மாதம் ஓடியிருந்தால் ஆடிட்டர் மாதிரி எடுத்துப் பார்க்கப் போதிய சரக்கு இருக்கும் என்பது நடைமுறைக் கணக்கு. இந்தக் காலத்தில் படிவங்கள் மாறும், மாற விடுங்கள். ஆபரேட்டர் நிரப்பாமல் விடும் கட்டம் எதுவென்று பாருங்கள்: அவர் சோம்பேறி என்பதைவிட, அந்தக் கட்டம் வேண்டாதது என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இந்தக் காலத்தின் உண்மையான பாடம் சரிசெய் நடவடிக்கையில் இருக்கிறது. 200 ஷாஃப்ட் அனுப்பி 14 திரும்பி வந்துவிட்டது, பேரிங் இடத்தில் விட்டம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பட்டறைகள் எழுதும் பதில், "ஆபரேட்டருக்கு அறிவுறுத்தப்பட்டது" என்பது. இந்த வாக்கியத்தை உங்கள் பட்டறையில் தடைசெய்துவிடலாம். ஏன் குறைந்தது? ஷிஃப்டின் நடுவில் இன்சர்ட் மாற்றினார், ஆஃப்செட் போட்டதில் பிசகு. அது ஏன் உடனே தெரியவில்லை? இன்சர்ட் மாற்றிய பிறகு வந்த முதல் பீஸை யாரும் அளக்கவில்லை. ஏன் அளக்கவில்லை? முதல் பீஸ் சோதனைப் படிவத்தில் ஷிஃப்ட் தொடக்கத்துக்கு மட்டும்தான் வரி இருக்கிறது. இப்போது செய்ய வேண்டியது தெளிவாகிவிட்டது: படிவத்தில் இன்சர்ட் மாற்றத்துக்கு ஒரு வரி சேர்ப்பது. அதே ஷிஃப்டில் ஓடிய மற்ற பாகங்களில் இந்தக் குறை இருக்கிறதா என்று பார்ப்பது. அடுத்த மூன்று லாட்டில் மறுபடி வந்ததா என்று பார்த்து, அதையும் எழுதிவைப்பது. ஆபரேட்டரைத் திட்டியிருந்தால் இந்த வரி படிவத்தில் ஏறியிருக்காது. அடுத்த ஆபரேட்டரும் அதே குழியில் விழுந்திருப்பார்.

எச்சரிக்கை: விடுபட்ட நாட்களைப் பின்தேதியிட்டு நிரப்பாதீர்கள். விடுபட்டது விடுபட்டதாகவே இருக்கட்டும். ஓரிரு வெற்று நாள் ஒரு சிறிய குறையாகப் போகும். ஞாயிற்றுக்கிழமையும் ஆயுத பூஜையன்றும் இன்ஸ்பெக்‌ஷன் நடந்ததாக எழுதியிருக்கும் ரிப்போர்ட், மொத்தக் கோப்பின் மீதும் சந்தேகத்தை வரவழைக்கும்.

படி 6: உள் ஆடிட், நிர்வாக ஆய்வு

சான்றளிக்கும் நிறுவனம் வருமுன் இந்த இரண்டும் நடந்திருக்க வேண்டும். உள் ஆடிட்டில் ஒருவர் தன் வேலையைத் தானே தணிக்கை செய்யக் கூடாது. 22 பேர் இருக்கும் இடத்தில் இது பெரிய சிக்கல் இல்லை. ஸ்டோர்ஸ் பார்ப்பவர் உற்பத்தியைப் பார்க்கட்டும், உற்பத்தி சூப்பர்வைசர் கொள்முதலைப் பார்க்கட்டும். இருவருக்கும் முன்னதாகப் பயிற்சி கொடுங்கள், கொடுத்ததற்குப் பதிவு வையுங்கள். ஒரு குறையும் இல்லை என்று முடியும் உள் ஆடிட் ரிப்போர்ட், யாரும் பார்க்கவில்லை என்பதற்கே சான்று. நிர்வாக ஆய்வு என்பது முதலாளி உட்கார்ந்து இலக்குகள், புகார்கள், உள் ஆடிட் முடிவு, சப்ளையர் நிலை, தேவைப்படும் ஆள், மெஷின் எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுக்கும் கூட்டம். தரநிலை 9.3இல் பட்டியல் இருக்கிறது. இரண்டு பக்கக் குறிப்பு போதும், ஆனால் முடிவுக்கு நேரே பெயரும் தேதியும் இருக்க வேண்டும்.

படி 7: சான்றளிக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்

சந்தையில் ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். சான்றளிக்கும் நிறுவனத்தைச் சோதித்து அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு இந்தியாவில் என்ஏபிசிபி. இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் இயங்குகிறது. வேறு நாடுகளிலும் இதுபோன்ற அமைப்புகள் உள்ளன. அங்கீகாரம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் ஒரு சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்க முடியும். அதைக் கொடுப்பதற்கென்றே கம்பெனிகளும் உண்டு. வாடிக்கையாளரின் வெண்டார் டெவலப்மென்ட் பிரிவு முதலில் பார்ப்பது அந்த அங்கீகார முத்திரையைத்தான். கொட்டேஷன் வாங்கும்போது இவற்றைக் கேளுங்கள்:

1. அங்கீகாரம் யாருடையது, உங்கள் தொழில் பிரிவு அதில் அடங்குமா? பதிலை அங்கீகார அமைப்பின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள்.
2. மொத்தம் எத்தனை ஆடிட் நாள்? ஆள் எண்ணிக்கையை வைத்து நாள் கணக்கிடும் சர்வதேச அட்டவணை ஒன்று இருக்கிறது, ஐஏஎஃப் எம்டி 5 என்று பெயர். 16 முதல் 25 பேர் வரை என்றால் ஆடிட்டின் இரண்டு கட்டமும் (படி 8) சேர்த்து 3 நாள். 26 முதல் 45 வரை 4 நாள். தகுந்த காரணம் காட்டிக் குறைக்கலாம், 30 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது.
3. சான்றிதழ் செல்லும் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து என்ன செலவு? முதல் ஆடிட் கட்டணத்தைக் குறைத்துக் காட்டி, இடையில் ஆண்டுதோறும் வரும் கண்காணிப்பு ஆடிட்டில் ஏற்றுவது வழக்கமான தந்திரம். பயணச் செலவு, ஜிஎஸ்டி 18 சதவீதம் எல்லாம் உள்ளடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்.
4. ஆலோசனையும் நீங்களே தருவீர்களா? ஆம் என்று பதில் வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சான்றளிக்கும் நிறுவனம் ஆலோசனை வழங்கக் கூடாது என்பது அவர்களைக் கட்டுப்படுத்தும் ஐஎஸ்ஓ/ஐஇசி 17021-1 தரநிலையின் விதி.

ஒரே நாளில் வந்து சான்றிதழ் கொடுத்துவிடுகிறோம் என்பவர் உங்கள் 22 பேர் பட்டறைக்கு மேலே சொன்ன அட்டவணையை எப்படிப் பொருத்தினார் என்று கேட்டுப் பாருங்கள். கன்சல்டன்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. தரநிலையைப் படித்துப் புரியவைக்கவும், உள் ஆடிட்டருக்குப் பயிற்சி தரவும் நல்ல கன்சல்டன்ட் பயன்படுவார். எழுதும் வேலையை அவரிடம் விடாதீர்கள், அவ்வளவுதான். அரசு உதவி கிடைக்குமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். உத்யம் பதிவு உள்ள தொழில்களுக்கு மத்திய அரசு நடத்தும் ஜெட் சான்றிதழும் இருக்கிறது. அது வேறு, ஐஎஸ்ஓ 9001 வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை விற்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

படி 8: இரண்டு கட்ட ஆடிட்

முதல் கட்டத்தில் ஆடிட்டர் நீங்கள் தயாரா என்று பார்க்கிறார்: எல்லை, ஆவணங்கள், உள் ஆடிட், நிர்வாக ஆய்வு. இரண்டாம் கட்டத்தில் ஷாப் ஃப்ளோருக்கு வந்து, எழுதியபடி நடக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்க்கிறார். ஏதோ ஒரு சலானை உருவி, அந்த ஜாபின் வரைபடம், கம்பியின் டெஸ்ட் சான்றிதழ், ஹார்டனிங் ரிப்போர்ட், முதல் பீஸ் அளவு, அளந்த கருவியின் காலிபரேஷன் என்று பின்னோக்கிப் போவார். இதை நீங்களே இரண்டு சலானுக்கு முன்கூட்டிச் செய்துபார்த்தால் ஆடிட் பயம் பாதி போய்விடும். ஆட்களுக்குப் பதில் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது, சூப்பர்வைசரிடம் கேட்பேன் என்று சொல்லச் சொல்லுங்கள். சிறிய என்சி (தரநிலைக்கு ஒத்துவராத குறை) வந்தால் காரணமும் திருத்தத் திட்டமும் கொடுத்தால் போதும். பெரிய என்சி வந்தால் திருத்தி, ஆடிட்டர் சரிபார்த்த பிறகே சான்றிதழ். இரண்டாம் கட்டம் முடிந்து 6 மாதத்துக்குள் அது சரிபார்க்கப்படாவிட்டால் இரண்டாம் கட்டத்தை மறுபடியும் நடத்த வேண்டிவரும்.

"இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு, நமக்கு எதற்கு?"

இந்த மறுப்பை அலட்சியப்படுத்த முடியாது. சான்றிதழ் வைத்துக்கொண்டு மோசமான சரக்கு அனுப்பும் கம்பெனிகள் இருக்கின்றன. ஆடிட் என்பது மூன்று நாள் மாதிரிச் சோதனை; ஏமாற்ற நினைப்பவர் ஏமாற்றலாம். ஆனால் இது கோப்பை வாங்கும் முறைக்கு எதிரான வாதமாகத்தான் நிற்கிறது, தரநிலைக்கு எதிராக நிற்கவில்லை. டேவிட் லெவின், மைக்கேல் டோஃபெல் என்ற இரு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் ஏறக்குறைய 1,000 நிறுவனங்களை ஒப்பிட்டு 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 9001 பெற்றவற்றையும், அதே மாதிரி இருந்து பெறாதவற்றையும் சோடி சேர்த்துப் பார்த்ததில், பெற்றவை மூடப்படுவது மிகக் குறைவாக இருந்தது. தாக்குப்பிடித்தவற்றில் விற்பனையும் வேலைவாய்ப்பும் சம்பளமும் கூடுதலாக வளர்ந்திருந்தன. கலிபோர்னியா வேறு, கோயம்புத்தூர் கணபதி வேறு என்று நீங்கள் சொல்லலாம்; ஒழுங்காக நடக்கிற கம்பெனிதான் சான்றிதழுக்கே போகிறது என்றும் சொல்லலாம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் சான்றிதழ் வந்தால் ஆர்டர் குவியும் என்று இந்த நூல் வாக்குக் கொடுக்கவில்லை. உங்கள் வாடிக்கையாளர் யாரும் கேட்கவில்லை, ஏற்றுமதி எண்ணமும் இல்லை என்றால், படி 1 முதல் 5 வரை செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ரிஜெக்‌ஷனைக் குறைக்கும் வேலை அந்த ஐந்திலேயே முடிந்துவிடுகிறது. ஆடிட் கட்டணம் மிச்சம். வாடிக்கையாளர் கேட்கும் நாளில் மீதி மூன்று படியை ஏறினால் போதும். கோப்பு வாங்கியவருக்கு இந்த வசதி இல்லை, அவர் கையில் இருப்பது சான்றிதழ் மட்டும்.

சான்றிதழ் வந்த பிறகு

முத்திரையைப் பொருளின் மீது போடாதீர்கள்; அது பொருளுக்குத் தரச் சான்று என்று அர்த்தமாகிவிடும். லெட்டர்பேடிலும் விசிட்டிங் கார்டிலும் சான்றளித்த நிறுவனம் அனுமதித்த விதத்தில் போடலாம். ஐஎஸ்ஓ அமைப்பின் சொந்த லோகோவை எங்கும் பயன்படுத்தக் கூடாது. தரநிலையின் புதிய பதிப்பு வரும்போது பதற வேண்டாம். 2015 பதிப்பு வந்தபோது மாறுவதற்கு 3 ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள்.

சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். இடையில் ஒவ்வொரு காலண்டர் ஆண்டும் கண்காணிப்பு ஆடிட்; முதல் ஆடிட் நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நம் பட்டறைக்கு 1 நாள். மூன்றாம் ஆண்டு மறுசான்று ஆடிட், சுமார் 2 நாள். அதைக் காலாவதித் தேதிக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். கண்காணிப்பு ஆடிட்டைத் தள்ளிப்போட்டால் சான்றிதழ் நிறுத்திவைக்கப்படும், வாடிக்கையாளர் சரிபார்க்கும்போது அது தெரியும். முதல் கண்காணிப்பு ஆடிட், சான்றளிக்கும் முடிவு எடுத்த தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் நடந்தாக வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, அதற்கு இரண்டு மாதம் முன்னதாக அடுத்த உள் ஆடிட்டை வையுங்கள்.